சைகை எதுவும் தரவில்லை

பதினேழாவது கேள்வி வரைக்கும் லிஃப்ட்காரருக்குத் தடங்கல் எதுவும் வரவில்லை. ஆஸ்துமா, இல்லை. வலிப்பு, இல்லை. காதில் அறுவை சிகிச்சை, இல்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரா, ஆம். அதற்கான டாக்டர் சான்றைப் படிவத்தோடு பின்குத்தி வைத்திருந்தார். பதினெட்டாவது கேள்விதான் மக்கர் பண்ணியது. 'ஸ்கூபா கற்றுக்கொள்ள விரும்பும் காரணம்.' அதன் கீழே நான்கு கட்டங்கள். பொழுதுபோக்கு, சுற்றுலா, புகைப்படம், மற்றவை. மற்றவைக்குப் பக்கத்தில் எழுதுவதற்கென்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். விரலளவு கோடு. அதில் எதை எழுதுவது? பேனாவை அதன்மேல் வைத்தார், எடுத்தார், கடைசியில் பொழுதுபோக்கில் ஒரு டிக் போட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல நிமிர்ந்தார்.

யாரும் பார்க்கவில்லை. நீச்சல்குளத்தை ஒட்டிய அந்தக் கண்ணாடி அறையில் அவரையும் சேர்த்து ஆறு பேர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, தேனிலவுக்குப் போகும் தீவில் கடலுக்குள் இறங்குவதற்காகப் பாடம் கேட்க வந்திருந்தது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள். பல் டாக்டர் அம்மா ஒருவர். எல்லோரும் வண்ண வண்ண நீச்சலுடையில் இருக்க, இவர் மட்டும் முழங்கால் வரை வரும் பழைய காக்கி டிராயரில், வேலைக்குப் போகும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஸ்பேனர், டெஸ்டர், கிரீஸ் துணியோடு ஒரு பழுப்பு உறையும் இருந்தது.

சொல்லித் தருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. எல்லோரும் அவளைக் கோச் என்றார்கள். வெயிலில் கறுத்த, சிரித்த முகம். படிவத்தைப் புரட்டிப் பார்த்தவள், "அம்பத்தாறா அங்கிள்? சூப்பர்! இந்த வயசுல ஆசைப்பட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார்.

அந்த உறை திங்கட்கிழமை வந்தது. கடற்படை முத்திரை போட்ட மூன்று பக்க விசாரணை அறிக்கை. எட்டு மாதத்துக்கு முன்னால், முக்குளிப்போர் பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில், அவருடைய ஒரே மகன் தண்ணீருக்கு அடியில் நினைவிழந்தான். பெற்றவர்களுக்கு அவன் தவளை. மூன்று வயதில் வாளிக்குள் முகத்தை முக்கிக்கொண்டு மூச்சடக்கி விளையாடியவனுக்கு அவர் வைத்த பெயர் அது; இருபத்திரண்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே தூக்கியபோது இதயம் நின்றிருந்தது. இதயத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். மற்றதைக் கொண்டுவர முடியவில்லை. மூன்று மாதம் மருத்துவமனை, ஐந்து மாதமாக வீடு. கண் திறந்திருக்கும், ஆள் நடந்தால் பின்தொடரும். பேச்சு கிடையாது, தலை நிற்காது, ஊட்டினால் விழுங்குவான். வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு இருந்தது.

அறிக்கையை அவர் லிஃப்ட் அறையில் நின்றுகொண்டு ஏழு தடவை படித்தார். தன்னம்பிக்கைப் பயிற்சி என்று அதற்குப் பெயர் போட்டிருந்தார்கள். குளத்தின் அடியில் முழங்காலிட்டிருக்கும் பயிற்சி பெறுபவனை மேலிருந்து இரண்டு பேர் வந்து தாக்குவார்கள். மாஸ்க்கைப் பிடுங்குவார்கள், காற்றுக் குழாயை முடிச்சுப் போடுவார்கள், புரட்டிவிடுவார்கள். அவன் மேலே வராமல் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் பக்கத்தின் அடியில் அந்த வரி: 'பயிற்சியைக் கைவிடுவதற்கான சைகை எதுவும் அவர் தரவில்லை. தந்திருப்பின் விதிகளின்படி உடனடியாக மேலே கொண்டுவரப்பட்டிருப்பார்.' மூன்றாம் பக்கத்தில், மேற்கண்டவற்றை ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு நேராக அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து வாங்கிக்கொள்வார்.

என்ன சைகை அது? அறிக்கையில் இல்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பயிற்சி விவரங்கள் ரகசியம் சார், வெளியில் சொல்ல அனுமதி இல்லை என்றார். அவருடைய மகன் எதைக் காட்டாமல் விட்டான் என்பதை அவருக்குச் சொல்லக்கூடாதாம். அன்று சாயங்காலம் ஹோட்டல் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், அதற்குள்ளேயே ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தார். 'ஒரே நாளில் ஸ்கூபா! நீச்சல்குளத்தில் ஆரம்பப் பாடம்.' இரண்டு தளம் ஏறி இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் விதி," என்றாள் கோச், வெள்ளைப் பலகையில் ஒன்று என்று போட்டு. "பயமா இருக்கா, பிடிக்கலையா, மூக்கு அரிக்குதா, எதுவா வேணா இருக்கட்டும். யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் டைவை முடிச்சுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல."

மாப்பிள்ளைப் பையன் தன் மனைவியைப் பார்த்து, "வீட்டுலயும் இந்த விதியைக் கொண்டு வரலாமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"கேக்கவே மாட்டீங்களா?" என்றார் லிஃப்ட்காரர்.

"என்ன அங்கிள்?"

"ஏன் முடிக்கிறேன்னு."

"மாட்டோம். மேல வந்தப்புறமும் கேக்க மாட்டோம். அவங்களா சொன்னா கேட்டுக்குவோம்."

அவர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தார். முப்பத்தோரு வருடமாக அவர் பார்க்கும் வேலையிலும் அப்படித்தான். பாதியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து ஆள் மணி அடித்தால், ஏன் அடித்தாய் என்று கேட்பதில்லை. ஓட்டமாக ஓடிப்போய், கதவிடுக்கில் வாயை வைத்து, நான் வந்துட்டேன், பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன் என்று சொல்வதுதான் முதல் வேலை. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து ரெகுலேட்டர். சிலிண்டரிலிருந்து வரும் காற்றை வாயில் வாங்கும் கருவி. அதன் ரப்பரை எப்படிக் கவ்வ வேண்டுமென்று கோச் காட்டினாள். "பல்லைப் போட்டு அழுத்தாதீங்க. தாடை வலிக்கும், பயம்தான் ஜாஸ்தியாகும். உதட்டால லேசா பிடிச்சா போதும். நாம ஒண்ணும் பல்லைக் கடிச்சுக்கிட்டு சாதிக்க வரல."

பல்லைக் கடிச்சுக்கிட்டு.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. வீட்டில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். போனில் தவளையின் குரல் தொண்டை கட்டியதுபோல வந்தது. அப்பா, இங்க ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டா அன்னைக்கே அனுப்பிடுவாங்கப்பா. போட்டுட்டு வந்துடட்டுமா? அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், அதுதான் இப்போதும் காதில் நிற்கிறது. இவ்வளவு தூரம் போயிட்டு இன்னும் பன்னெண்டு நாள்தானேடா தவளை, பல்லைக் கடிச்சுக்கோ, என்றார். அந்தப் பக்கம் தவளை மூக்கை உறிஞ்சினான். அப்புறம், சரிப்பா. மூன்றாம் நாள், புதன்கிழமை, அது நடந்தது. அந்த அழைப்பைப் பற்றி அவர் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல வாயெடுத்த நாட்களில் எல்லாம் அவள் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், அல்லது நகம் வெட்டிக்கொண்டிருப்பாள்.

"இப்ப கை பாஷை," என்றாள் கோச். "தண்ணிக்குள்ள பேச முடியாது. கைதான் வாய். நான் 'எல்லாம் சரியா'ன்னு கேட்டா என்ன காட்டுவீங்க?"

நண்பர்களில் ஒருவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். புதுப் பெண்ணும் அதையே காட்டினாள்.

"பார்த்தீங்களா! எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான்." கோச் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் செய்தாள். "இதுதான் சரிங்கிறதுக்கு. நீங்க காட்டினது வேற. கட்டைவிரலைத் தூக்குனா, 'மேல போகணும், போதும்'னு அர்த்தம். நல்லாருக்குன்னு நினைச்சு நீங்க காட்டுவீங்க, நான் உங்களைப் பிடிச்சு மேல கொண்டு போயிடுவேன். அப்புறம் ஏன் மேடம் கூட்டிட்டு வந்தீங்கன்னு என்கிட்ட சண்டை போடுவீங்க."

மறுபடி சிரிப்பு. எல்லோரும் வட்டம் செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். லிஃப்ட்காரரின் கை மடியிலேயே இருந்தது.

அவர் வீட்டில், தினமும் காலை ஒன்பது மணிக்கு, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இரண்டு பேருமாகத் தவளையைத் தூக்கி உட்கார வைப்பார்கள். அவர் பின்னாலிருந்து தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். மனைவி தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவி, காலில் தொடங்கி, மார்பு, தோள் என்று வந்து, கடைசியில் தலையில் ஊற்றுவாள். நெற்றி வழியாக முகத்தில் தண்ணீர் இறங்கும்போது அந்த வலது கை நாற்காலிப் பிடியை விட்டு மெதுவாக எழும்பும். நான்கு விரல் மடங்கும். கட்டைவிரல் நிமிரும்.

முதல் நாள் அதைப் பார்த்து அவள் அழுதாள், சிரித்தாள், சோப்பு நுரையோடு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டாள். நல்லாருக்குங்கிறான்க்கா! குளிக்கிறது அவனுக்கு நல்லாருக்காம்! எட்டு மாதத்தில் அவன் பேசிய ஒரே சொல் அது. அன்றிலிருந்து அவள் தலைக்கு ஒரு சொம்பு கூடவே ஊற்றினாள். கை இறங்கினால் இன்னொன்று. கட்டைவிரல் எழும்பும்வரை ஊற்றுவாள். எழும்பியதும், நல்லாருக்கா என் கண்ணு, இன்னும் வேணுமா, என்று மறுபடி ஊற்றுவாள். சில நாள் பாடவும் செய்வாள்.

"அங்கிள், உங்க கையைக் காட்டுங்க. ஓகே சைன்?"

"எப்பவும் அதே அர்த்தம்தானா?" அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. "எல்லா இடத்துலயும்? கட்டைவிரலுக்கு?"

"ஆமா அங்கிள்."

"வேற அர்த்தமே கிடையாதா?"

"தண்ணிக்குள்ள கிடையாது." கோச்சின் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. "நீங்க வேணா கொஞ்ச நேரம் வெளிய உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல. என்னை இறக்குங்க."

குளத்தின் ஆழம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். சிலிண்டரின் பாரத்தில் கீழே போய் முழங்காலிட்டதும் மேலே இருந்த உலகம் ஆடும் வெள்ளைத் தகடாகிவிட்டது. தன் மூச்சு மட்டும் கரகரவென்று காதுக்குள் கேட்டது. எதிரே கோச் முழங்காலிட்டு, மாஸ்க்கின் மேல் விளிம்பைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லிக் காட்டினாள். மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அவர் விளிம்பைத் திறந்தார். கொஞ்சமாக அல்ல, முழுதாக. தண்ணீர் சட்டென்று கண்ணை மூடி மூக்கில் ஏறியது. வாயில் காற்று இருக்கிறது என்று அறிவுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு மொத்தமும் மேலே, மேலே என்று திமிறியது. இதைத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னேனா? எவ்வளவு நேரம் இருந்திருப்பான்? தானும் இருந்து பார்த்துவிடுவது என்று நினைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். நான்கு வரவில்லை. அவர் கை தானாக எழுந்து கட்டைவிரலை நீட்டியது.

நீட்டி முடிப்பதற்குள் அவள் கை அவர் புஜத்தைப் பிடித்திருந்தது. அடுத்த மூச்சுக்கு அவர் வெளிச்சத்தில், காற்றில், குளத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் கை வைத்து, "வந்துட்டோம் அங்கிள், மேல வந்துட்டோம், மெதுவா மூச்சு விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அவர் அழுதார். வாய்விட்டு, தேனிலவு ஜோடி கைகோத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும்படி, அடித்தொண்டையிலிருந்து அழுதார்.

சிலிண்டர்கள் அடுக்கியிருந்த பின்னறையில் அவருக்கு ஒரு துண்டும் டீயும் கொடுத்து, அவராகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கோச் தன் முதலாளியைக் கூட்டி வந்தாள். எல்லோரும் சீஃப் என்று கூப்பிடும் அவர், கடற்படையில் இருபத்தாறு வருடம் முக்குளித்தவர், அதில் எட்டு வருடம் பயிற்சி கொடுத்தவர். பருத்த உடம்பு, ஒரு காது கேட்காது. லிஃப்ட்காரர் பையிலிருந்து எடுத்து நீட்டிய அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கமும் படித்தார். படித்து முடித்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கோச் சொல்லித் தந்த அதே கைதான் அங்கயுமா?" என்றார் லிஃப்ட்காரர்.

"கை ஒண்ணுதான் சார். எங்க போனாலும் ஒண்ணுதான்."

"தூக்குனா உடனே மேல கொண்டு வந்துடுவாங்கன்னு போட்டிருக்கே?"

சீஃப் ஒரு சிலிண்டரின் திருகைக் காரணமில்லாமல் இறுக்கினார். "இங்க வர்றவங்க மீன் பார்க்க வர்றாங்க சார். பிடிக்கலைன்னா மேல வந்து ஜூஸ் குடிக்கலாம். அங்க ஒருத்தன் கப்பலுக்கு அடியில, கும்மிருட்டுல வேலை செய்யணும். தலைக்கு மேல இரும்பு. அவன் மேல போகணும்னு நினைச்சா போக இடமில்ல. அதனால, மேலங்கிறது கிடையாதுன்னு முதல்ல அவன் உடம்புக்குச் சொல்லித் தரணும். அதான் பயிற்சியே."

"அப்ப கையைத் தூக்குனா?"

"பார்ப்போம்."

"பார்த்துட்டு?"

"கொஞ்சம் காத்திருப்போம். பாதிப் பேரு அந்த நேரத்துல சமாளிச்சுக்குவாங்க. அப்புறம் அவங்களே வந்து நன்றி சொல்லுவாங்க. நானும் காத்திருந்திருக்கேன் சார். நூறு பேருக்கு மேல. என்கிட்ட யாருக்கும் எதுவும் ஆகல. ஆகலங்கிறதால நான் பண்ணது சரின்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கோச் வாசலில் நின்றபடி தன் முதலாளியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதை எழுதித் தருவீங்களா?" என்றார் லிஃப்ட்காரர். "கையைத் தூக்கினாலும் காத்திருக்கிறது உண்டுன்னு. ஒரு வரி போதும்."

சீஃப் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். வெகுநேரம் அதையே துடைத்தார். "கூடப் பழகினவங்க எல்லாம் இன்னும் அங்கதான் சார் இருக்காங்க" என்றார். எழுதித் தரவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நேற்றே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல முடியாமல், லிஃப்ட்காரர் வழக்கம்போல மகனின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார். மனைவி தண்ணீரைக் கையால் துழாவிப் பதம் பார்த்தாள். கால், மார்பு, தோள். சொம்பு தலைக்கு மேல் உயர்ந்தது. தண்ணீர் நெற்றியைக் கடந்ததும் கை எழும்ப ஆரம்பித்தது. இத்தனை நாளும் பின்னாலிருந்து பார்த்ததால் அவன் கண்ணை அவர் பார்த்ததில்லை. இன்று குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"போதும்" என்றார்.

"இருங்க, பாருங்க இப்பதான் சொல்றான். நல்லாருக்காடா கண்ணு?"

"போதும்னு சொல்றேன்ல!" ஒரு கையால் சொம்பைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி உருண்டது.

அவள் திகைத்து நின்றாள். அவர் தலையைத் தாங்கியபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், குளத்துக்குப் போனதைச் சொன்னார். கட்டைவிரலுக்கு அங்கே என்ன அர்த்தம் என்பதைச் சொன்னார்.

"இல்ல" என்றாள் அவள். "அவன் நல்லாருக்குன்னுதான் சொல்றான். எனக்குத் தெரியாதா? எம்புள்ள கை எனக்குத் தெரியாதா?" தன் கட்டைவிரலை உயர்த்தி அவரிடம் காட்டினாள், சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல. "இப்படிக் காட்டினா நல்லாருக்குன்னுதானே? யாரை வேணா கேளுங்க. ரோட்டுல போறவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க." உயர்த்திய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டு வேற பாடினேனே" என்றாள்.

டாக்டர் சொன்னதை அவர் அவளுக்கு நினைவுபடுத்திப் பார்த்தார். அது வெறும் பழக்க அசைவாகவும் இருக்கலாம், அவனுக்கு எதுவும் தெரியாமல் கூட இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. அவள் காதில் அது ஏறவில்லை. சொன்ன வேகத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இன்று சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டார்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். வந்துடட்டுமான்னு கேட்டான். நான்தான் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொன்னேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"அதுக்கு முந்தின. நீ குளிச்சுக்கிட்டிருந்தே."

"ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?" என்றாள். "நான் வாடான்னு சொல்லியிருப்பேனே. சோப்போட வந்து வாடான்னு சொல்லியிருப்பேனே."

அவள் அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கொடியிலிருந்து துண்டை உருவி, அவர் பக்கம் பார்க்காமல் நீட்டினாள். "துடைங்க அவனை. ஈரத்தோட உக்காந்திருக்கான்."

அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைச் சீருடையில், முப்பது வயதுக்குள் இருக்கும். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முன்னறையில் சக்கர நாற்காலியில் இருந்த தவளையைப் பார்த்து ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு கோப்பைத் திறந்து, ரொம்பவும் பணிவாக, மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பையன் சைகை காட்டினான்" என்றார் லிஃப்ட்காரர்.

"சார், விசாரணையில அது—"

"கட்டைவிரலைத் தூக்கினான். இப்பவும் தூக்குறான். முகத்துல தண்ணி பட்டா தூக்குறான். தினம் தூக்குறான்."

அதிகாரி நாற்காலியில் இருந்த கையைப் பார்த்தார். அது தொடைமேல் மல்லாந்து கிடந்தது. "மன்னிக்கணும் சார். அதை நான் எப்படி எழுதறது? பார்க்காத ஒண்ணை நான் எழுத முடியாது."

"பார்த்தா எழுதுவீங்களா?"

அதிகாரி கோப்பின் ஓரத்தைத் தடவினார். மாட்டேன் என்று சொல்லவில்லை. லிஃப்ட்காரருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டே எட்டில் குளியலறைக்குப் போய், சொம்பை வாளியில் முக்கி, நிறைய மொண்டுகொண்டு வந்தார். வழியெல்லாம் சிந்தியது. மகனுக்கு முன்னால் வந்து நின்றார். தண்ணீர் விளிம்பில் தளும்பி அவன் முழங்காலில் விழுந்தது. தவளையின் கண் மெதுவாகச் சொம்பைத் தேடி வந்தது. கண்டுகொண்டு அங்கேயே நின்றது. ஒரே ஒரு தடவை. நெற்றியில் ஒரே ஒரு கை தண்ணீர். இந்த வெள்ளைச் சட்டைக்காரர் பார்த்துவிட்டால் போதும். அந்த வரியை அடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை.

அவர் சொம்பை உயர்த்தினார்.

"ஊத்தாதீங்க" என்றாள் அவர் மனைவி. எப்போது வந்தாளோ, சக்கர நாற்காலிக்குப் பின்னால், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், மகன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். நேற்றுக் காலைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இது ஒண்ணுதான் சாட்சி."

"தெரியுது."

"இன்னைக்கு விட்டா இனிமே யாரும் வரமாட்டாங்க."

"வர வேண்டாம்." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்களும் நானும் பண்ணது போதும். ஊத்தாதீங்க."

அதிகாரி எழுந்து நின்றிருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. "வேண்டாம் சார்" என்றார் மெல்ல. "நானும் அதே பயிற்சியிலதான் வந்தேன். வேண்டாம்."

லிஃப்ட்காரர் அவரை வெறித்துப் பார்த்தார். அப்புறம் சொம்பை மேசைமேல், கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதும் அதே முத்து முத்தான எழுத்தில், 'என் மகன் சைகை காட்டினான்' என்று எழுதி, கீழே தேதி போட்டார்.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "இதுக்கு மதிப்பு எதுவும் கிடையாது சார். இதை இப்படியே கொண்டுபோனா, கையெழுத்துப் போட மறுத்துட்டார்னு ஒரு குறிப்பு எழுதி மூடிடுவாங்க."

"தெரியும்."

"நான் வேணா புதுத் தாள்..."

"அதைக் கொண்டுபோங்க."

மை காயும் வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு தாளை மடக்காமல் கோப்புக்குள் வைத்து, தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே வெளியே போனார். வாசல் படியில் காலணியின் நாடாவைக் கட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

உள்ளே அவள் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்து, மகனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, பாதத்தில் தொடங்கினாள். விரலிடுக்கு, கணுக்கால், முழங்கால். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் எழுந்துபோய்ப் பின்னால் நின்று தலையைத் தாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, போய் நின்றார். துணி வயிற்றுக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தோளைச் சுற்றியது. கழுத்தெலும்புக்கு மேல் ஒரு விரலளவு தள்ளி, தாடையைத் தொடாமல், அவள் கை அந்தரத்தில் நின்றது.

"முகத்தைத் துடைக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள்.

துணியின் ஒரு முனை அவள் மணிக்கட்டில் தொங்கியது. அதன் சூடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையை இறக்காமல், அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள்.